கூப்பிடாதவள்

நடந்தவை இவை:

1. ஒல்லாந்தர் கோட்டைக்குக் கப்பலில் வந்த குதிரைகளில் ஒன்று தண்ணீரைக் கண்டால் நடுங்கியது.
2. தண்ணீரில் இறங்காத குதிரைக்குப் பழவேற்காட்டில் வேலை கிடையாது. அதை வெடிமருந்து ஆலைக்கு அனுப்புவதாக இருந்தது.
3. ஏரியில் கையால் இறால் பிடிக்கும் ஒருத்தி அதைத் தண்ணீரில் இறங்கப் பழக்கினாள்.
4. பழகியதால் அது நல்ல குதிரை என்று பெயர் வாங்கியது.
5. நல்ல குதிரை என்பதால் அதை மறுபடியும் கப்பலேற்ற முடிவு செய்தார்கள்.
6. கப்பலேற்றப் போன அன்று அவள் அதற்கு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

லாடம் அடிக்கிறவள் நான்; எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். காலைத் தூக்கு, பழைய ஆணியை எடு, லாடத்தைக் கழற்று, குளம்பைச் சீவு, அரம் போடு, புது லாடத்தை வைத்து அளவு பார், ஆணி அடி, வெளியே வந்த முனையை முறித்து மடக்கு. வரிசை மாறினால் குதிரை நொண்டும். ஆனால் மேலே எழுதிய ஆறையும் எத்தனை முறை வரிசையாகச் சொன்னாலும் அந்த இறால்காரி அதற்குள் வரமாட்டேன் என்கிறாள். ஆகவே வரிசையை இங்கே விட்டுவிடுகிறேன்.

அவள் யாரையும் கூப்பிடமாட்டாள். அவளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஏரிக்கரையில் தோணிரேவு என்ற ஊர்க்காரி. தலைமுறை தலைமுறையாக ஏரியில் இறங்கிக் கையால் இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பம். முட்டியளவுத் தண்ணீரில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே ஊர்ந்து போகவேண்டும். பிடித்ததைப் போட ஒரு பறி, பனையோலையில் முடைந்தது. கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். காலையில் கடித்தால் நீர் ஏறும்வரை வாயைத் திறக்க முடியாது. கரைக்கு வந்ததும் மற்றப் பெண்கள் அதுவரை சேர்ந்த பேச்சையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டுவார்கள். சிரிப்பு, வசவு, மாமியார் கதை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். அவள் மட்டும் பறியைக் கீழே வைத்துவிட்டு, வாயோரத்தில் கயிறு அழுத்திய தடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

பேசவே மாட்டாள் என்று நினைக்கவேண்டாம். கேட்டால் பதில் வரும். சில நேரம் நறுக்கென்று வரும்.

கோட்டை வாசலில் அவள் இறால் விற்பதைப் பார்த்திருக்கவேண்டும். மற்றவர்கள் தெருவைப் பார்த்து உட்கார்ந்து, "எறாவே! துள்ற எறா! வா நைனா, வா தாயீ!" என்று தொண்டை கிழியக் கூவுவார்கள். இவள் தெருவுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்காருவாள்.

"இன்னா மே, கோட்டைச் செவுத்துக்கா எறா விக்கிற?" என்று பக்கத்துக் கூடைக்காரி கேட்பாள்.

"செவுரு பேரம் பேசாது."

"கூப்ட்டாத்தானே மே ஜனம் வரும்?"

"கூப்ட்டா, கூப்ட்டதுக்கோசரம் வரும். எறா வேணும்னு கீறவங்க தானா வருவாங்க."

வந்தார்கள். பக்கத்துக் கூடைக்காரி அதை அவளுக்குக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அவளுக்கு ஒரு மகள் இருந்தாள் என்று கரைப் பெண்கள் சொல்லித்தான் தெரியும். அந்தக் குழந்தை நடை பழகிய காலத்தில், எல்லாத் தாய்மாரும் செய்வதுபோல் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டி வா வா என்று அழைக்கவில்லையாம். முதுகைத் திருப்பி உட்கார்ந்து வேறு வேலை பார்ப்பாளாம். குழந்தை தள்ளாடித் தள்ளாடி வந்து முதுகில் மோதிக்கொண்டு, கழுத்தைக் கட்டிக்கொள்ளுமாம். "அப்பவும் திரும்பமாட்டா. முதுவு மட்டும் சிரிக்கும்" என்றாள் ஒருத்தி. முதுகு எப்படிச் சிரிக்கும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பின்னால் பார்த்தேன்.

குதிரை சாம்பல் நிறம். மேற்கே பாலைவன நாட்டிலிருந்து வந்தது என்றார்கள். எங்கள் கடலில் கப்பல் கரையோரம் வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு, குதிரைகளைக் கயிற்றில் இறக்கி, சலங்கு என்ற பெரிய படகில் ஏற்றி, முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் கொண்டுவருவார்கள். இதை ஏற்றிய சலங்கு அலையில் கவிழ்ந்தது. மற்றக் குதிரைகள் நீந்திக் கரை சேர்ந்தன. இது கவிழ்ந்த படகுக்கு அடியில் மாட்டி, ஏறக்குறைய செத்த நிலையில் வெளியே வந்தது. அதற்குப் பிறகு தொட்டியில் தண்ணீர் குடிக்கும்போதுகூடக் காதைப் பின்னுக்கு மடித்துக்கொள்ளும்.

ஏரியைச் சுற்றித் துணி நெய்கிற ஊர்கள், சாயம் போடுகிற ஊர்கள் இருந்தன. கோட்டைக்காரர்களின் சவாரி அங்கேதான். வழியில் பல இடங்களில் மார்பளவுத் தண்ணீரைக் கடக்கவேண்டும். கடக்க முடியாத குதிரை வெடிமருந்து ஆலைக்குப் போகும். அங்கே கண்ணைக் கட்டி அரைக்கும் கல்லைச் சுற்ற விடுவார்கள். கந்தகத் தூளில் மூச்சு இழுத்துக்கொண்டே சுற்றவேண்டியதுதான். என் நைனா ஆலைக் குதிரைகளுக்கும் லாடம் அடித்தார். ஒரு முறை பார்த்த குதிரையை மறுமுறை பார்ப்பது அபூர்வம் என்பார். வாடைக்காற்று தொடங்கும்வரை பார்க்கலாம், அதற்குள் இறங்காவிட்டால் ஆலைதான் என்று கோட்டைத் துரை சொல்லிவிட்டார்.

லாயம் ஒரு ராவுத்தர் பொறுப்பில் இருந்தது. பெரிய உடம்பு, பெரிய குரல். குதிரை என்றால் உயிர். அவருக்குத் தெரிந்த வழி கூப்பிடுவது. தண்ணீருக்குள் போய் நின்று கொள்ளுத் தட்டை நீட்டி, "வா ராஜா, வாடா கண்ணு, வா என் சிங்கமே" என்று கெஞ்சுவார். பின்னாலிருந்து ஆட்கள் தள்ளுவார்கள். குதிரை பின்னங்காலில் எழுந்து நிற்கும். அந்த அதிர்ச்சியில் ராவுத்தர் தட்டோடு ஏரியில் விழுவார்.

"பாய், ஏரி மீனெல்லாம் இனிமே கனைக்கப் போவுது. அவ்ளோ கொள்ளு துன்னுகீது" என்பார் நைனா.

"சிரி ஆசாரி, சிரி. ஆலைக்குப் போவுற அன்னிக்கும் நீதான் லாடம் அடிக்கணும்."

நைனா அதற்குமேல் சிரிக்கமாட்டார்.

எங்கள் பட்டறை லாயத்துக்கும் ஏரிக்கும் நடுவில் இருந்தது. அம்மா இல்லாத வீடு, நான் ஒரே பிள்ளை; தொழில் எனக்கு வந்தது. குதிரையின் காது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் அதன் மனசு இருக்கும். காலைக் கையில் எடுக்கும் முன் இதைப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் உதை. ராவுத்தர் கூப்பிடும்போதெல்லாம் சாம்பல் குதிரையின் காதுகள் பின்னால் மடிந்தே இருந்தன. எல்லோரும் களைத்து, அதைக் கரையில் நட்ட கழியில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனபிறகு அவை மெதுவாக நிமிர்ந்தன. ஏரியைப் பார்த்துத் திரும்பின. எதைப் பார்க்கிறது என்று நானும் பார்த்தேன்.

ஏரியில் ஒரு முதுகு.

"பாய், அது அந்த எறாக்காரக்காவைத்தான் பாக்குது" என்றேன். ராவுத்தர் நம்பாமல் ஒரு பொழுது முழுக்கக் குதிரையின் காதையே பார்த்தார். பிறகு கரையில் நின்று கூவினார்.

"ஏம்மா! எறாக்காரம்மா! இங்க வாயேன்!"

அவள் பறிக் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள். "இன்னா பாய்?"

"என் குதிரைய இன்னா பண்ண நீ?"

"நான் ஒண்ணும் பண்ணலியே."

"அத்தயேதான் பண்ணு. தெனம் வந்து பண்ணு."

மறுநாளிலிருந்து அவள் எங்கள் கரையோரம் துழாவினாள். முதலில் குதிரையை அவிழ்த்துவிடச் சொன்னாள்.

"ஓடிடும்மா!"

"ஓடினா பின்னாலயே ஓடு. கட்டிப் போட்டதுகிட்ட எனக்கு இன்னா வேலை?"

அவிழ்த்தார். குதிரை ஓடவில்லை. சற்றுத் தள்ளி நின்று பார்த்தது. அவள் அதற்கு முதுகைக் காட்டியபடி தன் வேலையைச் செய்தாள். "பின்னாலருந்து உதைச்சா இடுப்பு போயிடும் மே" என்று ராவுத்தர் எச்சரித்தார். "கடிக்கிற நண்டுகிட்டயே பொழப்பு நடத்துறேன், போ பாய்" என்றாள்.

உப்புத் தண்ணீரில் நாளெல்லாம் கிடப்பவர்களின் தோல் வெயிலில் காய்ந்ததும் வெள்ளை பூக்கும். அவள் தோளிலும் முதுகிலும் உப்பு கோடுகோடாக இருக்கும். ஒரு பகல், நீர் வடிந்து அவள் சேற்றோரம் குந்திப் பறியில் பாசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். குதிரை பின்னாலிருந்து வந்தது. கழுத்தை நீட்டியது. மோந்தது. அவள் தோளை ஒரு நக்கு நக்கியது. ராவுத்தர் பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்து நசுக்கினார். அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. நாக்கு தோளிலிருந்து முதுகுக்கு இறங்கியது. அவள் உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள், வாயில் கயிறோடு.

"கூலி வாங்கிக்கினான்" என்றாள் எழுந்து வந்ததும்.

அன்றிலிருந்து அவளுக்கு அது 'அவன்'. கோட்டையில் வைத்த பெயரை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கூப்பிடாதவளுக்குப் பெயர் எதற்கு?

உப்பு வேண்டுமென்றால் குதிரை அவள் இருக்கும் இடத்துக்கு வரவேண்டும். அவள் இருக்கும் இடம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போனது. முதலில் ஈரச் சேறு, பிறகு குளம்பு நனையும் ஆழம், பிறகு கணுக்கால். அவள் செய்ததில் இரண்டு சைகைகள்தான் இருந்தன. முதுகைத் திருப்பினால், வரலாம். முகத்தைத் திருப்பினால், நில், இன்றைக்குப் போதும். முகத்தைத் திருப்பும்போது அதன் நெற்றியை வெகுநேரம் சொறிந்துகொடுப்பாள். குதிரைக்கு இரண்டும் நன்றாகப் புரிந்தன. அது தயங்கி நின்ற இடத்தில் அவளும் நின்றுவிடுவாள். அது பின்வாங்கினால் அவளும், முகத்தைத் திருப்பாமலே, பின்னோக்கி அதனிடம் வருவாள்.

"அது கிட்ட வர்ற நேரம் நீங்க ஓரடி முன்னால போனா, இன்னும் கொஞ்சம் வருமேக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வரும். ஒரு தபா வரும்" என்றாள். "அப்பால நாளிக்கு வராது. அவன் வுட்ட எடத்துல நான் நிக்கணும்."

ராவுத்தருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. காற்று திசை மாறப் பார்க்கிறது என்று தினமும் வானத்தைப் பார்ப்பார். ஒருநாள் குதிரை அவள் முதுகை நக்கிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் மறைவாக வந்து கழுத்தில் சுருக்குப் போட்டு ஆழத்துக்கு இழுக்க ஆட்களைத் தயார் செய்தார். அவள் தண்ணீரில் அவர்கள் நிழலைப் பார்த்துவிட்டாள். எழுந்தாள். குதிரையின் பக்கம் முகத்தைத் திருப்பி அதைக் கரைக்கு அனுப்பினாள். பறியை எடுத்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் தோணிரேவுக்கு நடந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த நாட்களில் வரவில்லை. குதிரை தோணிரேவுப் பக்கம் பார்த்துக்கொண்டு கரையில் நின்றது. கொள்ளைத் தொடவில்லை. கடைசியில் ராவுத்தர் அவள் குடிசைக்குப் போனார். நானும் போனேன். எப்படி மன்னிப்புக் கேட்பார் என்று எனக்கு ஆவல். அவர் வாசலில், அவ்வளவு பெரிய மனிதர், குடிசைக்கு முதுகைக் காட்டி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது. போகிற வருகிறவர்கள் சிரித்தார்கள். வெகுநேரம் கழித்து அவள் வெளியே வந்து அவர் முதுகைப் பார்த்தாள்.

"உன் முதுவுல உப்பு இல்லியே பாய்" என்றாள். பிறகு பறியை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தாள்.

வாடைக்காற்று தொடங்கும் முன் சாம்பல் குதிரை மார்பளவுத் தண்ணீரில் நடந்தது. அப்புறம் ஒரு காலை, அவள் தலை மட்டும் தெரிய நீந்திப் போக, அதன் பின்னால் அதுவும் நீந்தியது. ராவுத்தர் கரையில் விழுந்து தொழுதார். துரை கோட்டைச் சுவர்மேல் நின்று கைதட்டினார். ஆலைப் பேச்சு அதோடு நின்றது. பிறகு ராவுத்தர் ஏறிப் போனாலும், வேறு யார் ஏறிப் போனாலும் அது தண்ணீருக்கு அஞ்சவில்லை. ஏரியைக் கடக்க இதுபோல் குதிரை இல்லை என்று ஊர் ஊராகப் பேசினார்கள். சவாரி முடிந்து அவிழ்த்துவிட்டால் நேரே அவள் துழாவுகிற இடத்துக்குப் போய் நிற்கும். அவள் வேலையை நிறுத்தமாட்டாள். கூலியை வாங்கிக்கொண்டு அதுவும் பக்கத்திலேயே நிற்கும்.

எனக்கும் அந்த முதுகு பழகிவிட்டது. முகம் பார்த்துச் சொல்ல முடியாத சிலவற்றை அதனிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் குரல் மறந்துபோய்விட்டது என்பதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவள் திரும்பவில்லை. துழாவுவதை மட்டும் நிறுத்தினாள்.

அந்தப் பருவம் நன்றாகப் போனது. அடுத்த கப்பல் வந்தபோது, வடக்கே இருக்கும் ஒரு பெரிய அதிகாரிக்குப் பரிசாகச் சாம்பல் குதிரையை அனுப்புவது என்று துரை முடிவு செய்தார். தண்ணீருக்கு அஞ்சாத குதிரை, படகிலும் கப்பலிலும் தொல்லை தராது என்று துரைக்கு மொழிபெயர்க்கும் துபாஷி வந்து மகிழ்ச்சியாகச் சொன்னார். ராவுத்தர் எங்கள் உலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, துருத்திக் கயிற்றைப் பிடித்து வெகுநேரம் சும்மா ஊதிக்கொண்டிருந்தார்.

கப்பலேறும் குதிரைக்கு லாடம் கூடாது. பலகை சிதையும், கால் வழுக்கும். முந்தின நாள் மாலை நான் அதைக் கழற்றினேன். அவள் குதிரையின் எதிரில் முகம் பார்த்து நின்றாள். ஆகவே அது அசையாமல் நின்றது. ஆணியை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன்.

"சலங்குல ஏறுவானா?" என்றாள்.

"நீங்க முன்னால ஏறினா ஏறும்க்கா."

"ஏத்திட்டு எறங்கிடறேன்."

கடைசிக் காலை நான் கீழே விட்டபிறகு, குதிரையின் நெற்றியைச் சொறிந்துகொண்டே சொன்னாள்.

"எம் பொண்ணும் இப்டித்தான் போச்சு. பஞ்சத்துல. கப்பல்ல கஞ்சி ஊத்துறாங்கன்னு ஜனம் போச்சு, அதுவும் போச்சு."

"கூப்பிடலியாக்கா?"

"சோறு இல்லாத எடத்துக்கு எப்டி மே கூப்புட்றது?" என்றாள். சொறிவதை விடாமல், "கரையில நின்னு பாத்துகினே இருந்தேன். நான் பாக்குறேன்னு அதுவும் திரும்பித் திரும்பிப் பாத்துகினே போச்சு. நான் பாக்காம இருந்திருந்தா அது முன்னால பாத்துகினு போயிருக்கும். நாளிக்கு நான் பாக்கமாட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை, நீர் வடிந்து கடலுக்கு ஓடும் நேரம். அவள் முன்னால் சலங்கில் ஏறினாள். குதிரை அவள் பின்னால் ஏறியது, தயக்கமே இல்லாமல். அவள் முகத்தைத் திருப்பினாள். அது நின்றது. படகாட்கள் முன்னங்கால்களுக்குக் கயிற்றுத் தளை போட்டு, கழுத்துக் கயிற்றைப் படகில் கட்டினார்கள். அவள் நெற்றியை ஒருமுறை தடவிவிட்டு மறுபக்கம் தண்ணீரில் இறங்கினாள். முட்டியளவு ஆழம் வந்ததும் இடுப்பிலிருந்த பறியை எடுத்துக் கயிற்றைக் கடித்துக்கொண்டாள். மண்டியிட்டுச் சேற்றைத் துழாவத் தொடங்கினாள், எல்லா நாளும் செய்வதுபோல. பார்க்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தவளுக்கு வேறென்ன செய்யத் தெரியும்?

நானும் ராவுத்தரும் கரையில் நின்றோம். சலங்கு ஆழமான பக்கம் திரும்பி, முகத்துவாரத்தை நோக்கி நகர்ந்தது. அங்கிருந்து அவள் முதுகு நன்றாகத் தெரியும்.

குதிரையின் காதுகள் நிமிர்ந்தன.

நான் அதைப் பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் குதிரை எம்பியது, சலங்கு ஒரு பக்கம் சாய்ந்தது. தளை அறுந்தது, கழுத்துக் கயிறு படகிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது, குதிரை தண்ணீரில் விழுந்தது. எழுந்து, அவளை நோக்கி நீந்தியது.

"அக்கா!" என்று கத்தினேன்.

அவள் திரும்பினாள். அவள் முகத்தைக் கண்டதும் குதிரை, அவள் பழக்கியபடியே, முன்னேறுவதை விட்டது. நிற்க அங்கே தரை இல்லை. ஒரே இடத்தில் வட்டமடித்தது. நீரோட்டம் அதைப் பக்கவாட்டில் இழுத்தது. எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயிலிருந்த பறியை விட்டாள். குதிரைக்கு முதுகைத் திருப்பினாள். கரையைப் பார்த்து, என்னைப் பார்த்து நடந்தாள்.

குதிரை மறுபடி நீந்தியது.

"மே, வருதா?"

"வருதுக்கா."

நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் அது பதறும்.

"வருதா?"

"வருது. வருதுக்கா."

வந்துகொண்டுதான் இருந்தது. அதன் மூக்கு விரிவதுகூடத் தெரிந்தது. பிறகு, கால்கள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தும், அது கிட்டே வருவது நின்றது. அதன் பின்னால் கழுத்துக் கயிறு விறைத்து நின்றது. அந்த இடத்தில் மீனவர்கள் வலை கட்டும் கழிகள் நீருக்கடியில் நட்டிருக்கும். கயிறு அதில் மாட்டியிருந்தது.

"வருதா?"

"நீந்துதுக்கா."

"வருதானு கேட்டேன்."

ராவுத்தர் உடுத்திய துணியோடு பாய்ந்து நீந்திக்கொண்டிருந்தார். சலங்கால் ஓட்டத்தை எதிர்த்துத் திரும்ப முடியவில்லை.

அவள் நின்றாள். அவன் விட்ட இடத்தில் அவள் நிற்கவேண்டும். அப்புறம் பின்னோக்கி நடந்தாள், முகத்தைத் திருப்பாமல், அதை நோக்கி. முகம் என்னைப் பார்த்திருந்தது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. அது பார்க்கட்டும் என்று தோள்களை உயர்த்திக்கொண்டாள். உப்பெல்லாம் அதற்குள் கரைந்திருக்கும். கழுத்துவரை போனாள். அதற்குப் பின்னால், அவள் பார்க்க முடியாத இடத்தில், சாம்பல் தலை ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. மறுபடி தாழ்ந்தது. ராவுத்தர் போய்ச் சேர்ந்து கயிற்றை அறுத்தார். அறுத்தபிறகு குதிரை நகர்ந்தது, நீர் போகிற பக்கமாக, தானாக ஒன்றும் செய்யாமல்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மே, நான் திரும்பலாமா?" என்றாள்.

"திரும்புக்கா" என்றேன்.

திரும்பினாள். வெறும் தண்ணீரைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் கூப்பிட்டதை நான் முதல்முறை கேட்டேன். பெயர் சொல்லவில்லை. "வா" என்றாள். திரும்பத் திரும்ப, ஒரே குரலில், "வா, வா" என்றாள். ராவுத்தர் வந்து தோளைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிவரும்வரை நிறுத்தவில்லை.

இப்போதைய நிலவரம் இது. துரை மாறிவிட்டார். அந்த லாடங்களைக் காய்ச்சித் தட்டி வேறு குதிரைகளுக்கு அடித்துவிட்டேன். ராவுத்தர் லாயத்தில்தான் இருக்கிறார்; குதிரைகளைக் கூப்பிடுவதில்லை. அவள் ஏரியில் இறங்குவதில்லை. மற்றப் பெண்கள் பிடித்த இறாலை வாங்கிக் கோட்டை வாசலில் விற்கிறாள். தெருவைப் பார்த்து உட்கார்ந்து, போகிற வருகிற எல்லோரையும் கூப்பிடுகிறாள். பக்கத்துக் கூடைக்காரியைவிட இவள் குரல்தான் உரக்கக் கேட்கிறது. நேற்று நான் போனேன். அவள் எதிரில், கூடையைத் தொடும் தூரத்தில் நின்றேன்.

"வா மே, வா, எறா பாரு, வா" என்றாள்.

"வந்துட்டேன்க்கா" என்றேன்.

அதற்குப் பிறகும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.